நீர் பிரியும் மேடு

நாமக்கல்
12.6.2024

சாலம்மாளுக்கு,

செங்கோடன் எழுதுவது. இங்கே எனக்கும் ரஞ்சிதாவுக்கும் உடம்பு தேவலை. அங்கேயும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, இனி உன்னோடு பேசமாட்டேன் என்று சொன்னேன். ஆறு வருடமாகப் பேசவில்லை. ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதத்தால் என் சொல் மாறிவிட்டதாக நீ நினைத்துக்கொள்ள வேண்டாம்.

காரியம் இதுதான். இருபத்தெட்டு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறேன். கொங்கு நாட்டின் மையநிலம் எது என்று ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். காளிதாஸை உனக்கு நினைவிருக்கும். என் வரைபடங்களைப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போய், தன் பெயரில் அச்சடித்து, அதைக் காட்டியே கல்லூரியில் உத்தியோகம் வாங்கியவன். திருடியது எல்லாம் சரியாக இருக்கிறது. கிழக்கு எல்லை மட்டும் அவன் சொந்தச் சரக்கு, அதுதான் தப்பு. ஆத்தூர் வரைக்கும் எல்லைக்கோட்டை இழுத்துவிட்டான்.

நாட்டின் நடு எது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மேற்கே ஜேடர்பாளையத்தில் காவிரி. கிழக்கே போதமலை. இடையில் செம்மண்ணும் பாறையும். ஆயிரம் அடி தோண்டினாலும் புகைதான் வருகிறது. தண்ணீர் இல்லாத இந்த நிலத்துக்காரன்தான் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டி ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறான். காடு கழனி விளைந்திருந்தால் இங்கே லாரியும் இல்லை, கோழிப்பண்ணையும் இல்லை. இதை காளிதாஸ் எங்கேயும் எழுதவில்லை. எழுத அவனுக்குத் தெரியாது.

நாமகிரிப்பேட்டைக்குக் கிழக்கே உள்ள மேட்டில் நீர் பிரிகிறது. மேட்டுக்கு இந்தப் பக்கம் விழும் மழை காவிரிக்குப் போகிறது. அந்தப் பக்கம் விழுவது வெள்ளாற்றுக்கு. மையநிலம் அந்த மேட்டோடு முடிகிறது. உங்கள் உடும்பக்காடு அந்தப் பக்கம். அங்கே எனக்குத் தெரிந்தவர் உன்னைத் தவிர வேறு யாரும் இல்லை. இரண்டு கேள்விகள்: உங்கள் வீட்டு மழைத்தண்ணீர் எந்தத் திசையில் போகிறது? சனங்களின் பேச்சு எங்கே மாறுகிறது? இவற்றுக்கு மட்டும் பதில் எழுது. வேறு சங்கதி வேண்டாம்.

செங்கோடன்

*

உடும்பக்காடு
30.6.2024

அண்ணனுக்கு சாலம்மாள் வணக்கத்துடன் எழுதியது. இங்கே நாங்கள் மூவரும், கன்று போட்ட மாடும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை விடாமல் சாப்பிடுகிறீர்களா? இது வேறு சங்கதி இல்லை. கடிதம் என்றால் இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முதல் கேள்வி. இன்னும் இங்கே மழை இல்லை. தண்ணீர் போனால்தானே எந்தத் திசை என்று சொல்ல முடியும்? பெய்யும்போது நின்று பார்த்து எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்குப் பஸ்ஸிலேயே பதில் கிடைத்தது. ராசிபுரத்திலிருந்து வருகிற கண்டக்டர் எங்கள் நிறுத்தத்தில், "எறங்குங்க சாமி, படியப் பாத்து" என்கிறார். ஆத்தூரிலிருந்து வருகிற கண்டக்டர், "எறங்கும்மா, சீக்கிரம்" என்கிறார். இரண்டு பேரும் நிறுத்துவது ஒரே வேப்பமரத்தடியில்தான். எதை வைத்துக் கோடு போடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அபிநயாவுக்கு மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. பரமத்திப் பக்கம். உங்கள் மையநிலத்துக்குள்தான் வருகிறது. கல்யாணம் தை மாதக் கடைசியில்.

தங்கச்சி,
சாலம்மாள்

*

நாமக்கல்
10.7.2024

சாலம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ரஞ்சிதாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறேன்.

கண்டக்டர்கள் பற்றிய தகவல் உபயோகமானது. ஆனால் பேச்சு காற்று மாதிரி. அதை மட்டும் நம்பி எல்லை போட முடியாது. நீர், பேச்சு, சீர் மூன்றும் எங்கே ஒன்றாக நிற்கின்றனவோ அதுதான் எல்லை. இது என் சொந்த முறை. காளிதாஸுக்குத் தோன்றாதது.

சீர் என்பதில் எழுதிங்கள் சீரை அளவுகோலாக எடுத்திருக்கிறேன். புத்தகத்தில் அதைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறேன்: "மணமான பெண்ணுக்கு, அவள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு முன்பாக, கூடப்பிறந்தவன் தன் மனைவியோடு வந்து செய்யும் சீர். அது நடந்த பெண்தான் மணப்பந்தலில் முன்னால் நின்று மங்கல காரியங்களைத் தொட்டுச் செய்யலாம். நடக்காதவள் பெற்ற தாயே ஆனாலும் ஒதுங்கி நிற்பாள். மையநிலத்தைத் தாண்டினால் இவ்வழக்கம் காணப்படுவதில்லை."

உங்கள் ஊரில் எத்தனை பெண்களுக்கு இந்தச் சீர் நடந்திருக்கிறது? ஒருவருக்கும் இருக்காது என்பது என் கணிப்பு. இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும், கோடு உறுதியாகிவிடும்.

மழை பெய்ததும் முதல் கேள்விக்கும் பதில் வேண்டும்.

செங்கோடன்

*

உடும்பக்காடு
2.9.2024

அண்ணனுக்கு,

எல்லோரும் நலம். மஞ்சளுக்குக் களையெடுப்பு, அதனால் தாமதம். அங்கே அண்ணியும் நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீங்கள் ஒரு வரி போதும் என்றீர்கள். எனக்கு ஒரு வரியில் எழுத முடியவில்லை. நானும் அபிநயாவும் நோட்டோடு நாற்பத்தொரு வீடும் ஏறி இறங்கினோம். கடைசி வீட்டில் என் பங்காளி வீட்டுக்காரி குஞ்சம்மாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க்கா, ஓட்டர் லிஸ்டுங்களா?"

"இல்ல சாமி. எங்கண்ணன் புஸ்தகம் போடறாரு. எழுதிங்கள் ஆன பொம்பளைங்க கணக்கு வேணுமாம்."

"உங்கண்ணன் சீரை எண்ணுவாருங்களா, செய்வாருங்களா?"

அபிநயா சிரித்துவிட்டாள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு, "உனக்கு யார் செஞ்சாங்க, அத மொதல்ல சொல்லு" என்றேன். "எந்தம்பி. நாமகிரிப்பேட்டையிலிருந்து டெம்போ வெச்சு வந்தான்" என்றாள்.

இருபத்து மூன்று பேருக்கு நடந்திருக்கிறது. பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன்: பெயர், நடந்த வருடம், கூடப்பிறந்தவரின் ஊர். கடைசி வரியைத் தாளைப் புரட்டாமல் நீங்கள் இங்கேயே படிக்க வேண்டும் என்று திரும்ப எழுதுகிறேன்.

24. சாலம்மாள். இன்னும் நடக்கவில்லை. கூடப்பிறந்தவர் நாமக்கல்லில் இருக்கிறார்.

கல்யாணத்தன்று என் மகளுக்குச் சீர் செய்ய நான் ஒதுங்கி நின்று குஞ்சம்மாளை விட வேண்டும் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அவளும் நல்லவள்தான். செய்வாள். நான் பெற்றவளை அவள் தொட்டு அனுப்புவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சாலம்மாள்

*

நாமக்கல்
15.9.2024

சாலம்மாளுக்கு,

இங்கே சுகம். பட்டியல் வந்தது. நேர்த்தியாகச் செய்திருக்கிறாய், பன்னிரண்டாவதோடு உன் படிப்பை நிறுத்தியது தவறு என்று அப்போதே அப்பாவிடம் சொன்னவன் நான் ஒருவன்தான்.

ஆனால் பட்டியல் நீ நினைப்பதைக் காட்டவில்லை. இருபத்து மூன்று பேரின் சகோதரர்களும் எந்த ஊர்க்காரர்கள்? நாமகிரிப்பேட்டை, ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி. ஒருவன்கூடக் கிழக்கே இல்லை. வழக்கம் மேற்கிலிருந்து டெம்போவில் வருகிறது. அதனால் உங்கள் ஊருக்குச் சொந்தம் ஆகிவிடாது. கோடு நான் போட்ட இடத்திலேயே இருக்கும்.

கடைசி வரியைப் பற்றி. நீ ஆரம்பித்ததால் எழுதுகிறேன். 1999 ஆகஸ்ட் 29, திருச்செங்கோட்டில் என் கல்யாணம். இணைச்சீர் நேரம். மாப்பிள்ளையின் பக்கத்தில் கூடப்பிறந்தவள் நிற்க வேண்டும். பந்தலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கார் ரிப்பேர், வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் மாமன் மகள் ஜெயப்பிரியாவைப் பிடித்து உன் இடத்தில் நிறுத்தினார்கள். அவளுக்குப் பதினாறு வயது. பெண் வீட்டுக்காரர்களில் ஒருவர், "கூடப்பொறந்தவளே வரலீங்களா, ஏதாவது சங்கதிங்களா?" என்று என் காதில் விழும்படியே கேட்டார். பத்திரிகையில் உன் வீட்டுக்காரர் பெயரை இரண்டாம் வரியில் போட்டதற்காக அவர் உன்னை அனுப்பவில்லை என்று பிறகு சனங்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். அம்மா காரியத்தன்று உன்னிடமே கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை.

நானும் ஒரு கேள்வி சேர்க்கிறேன். கேள்வி 4: உங்கள் பகுதியில் எந்தெந்தக் காரணங்களுக்காக ஒரு பெண் தன் அண்ணனின் இணைச்சீருக்கு நிற்காமல் போவதுண்டு? உதாரணங்களோடு எழுது.

செங்கோடன்

*

நாமக்கல்
18.10.2024

சாலம்மாளுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தபால்காரர் இரண்டு முறை தெருவைத் தாண்டிப் போனபோது நானே நிறுத்திக் கேட்டேன்.

சேலம் அச்சகத்தில் கிழக்கு எல்லை அத்தியாயம் மட்டும் பாக்கி. அவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

செங்கோடன்

*

உடும்பக்காடு
3.11.2024

அண்ணனுக்கு,

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தீர்களா? அண்ணிக்கு முழங்காலுக்குத் தைலம் ஒன்று பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். எங்களுக்குக் குறையில்லை.

மழை வந்துவிட்டது. நேற்று மதியம் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். "என்னாச்சு இவளுக்கு" என்று என் வீட்டுக்காரர், உங்கள் மாப்பிள்ளை, மாட்டுக்கொட்டாயிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றார். முன்பக்கத்து ஓட்டில் விழுகிற தண்ணீர் வாசலில் இறங்கி, தடத்தோடு ஓடி, நாமகிரிப்பேட்டை போகிற ஓடையில் சேர்கிறது. பின்பக்கத்து ஓட்டில் விழுகிறது மஞ்சள் காட்டுக்குள் போய்க் கிழக்கே ஆத்தூர்ப் பக்கம் இறங்குகிறது. ஒரே கூரை. உங்கள் மேடு எங்கள் முகட்டு ஓடுதான். முதல் கேள்விக்கு என் பதில் இது.

நான்காவது கேள்விக்கும் வீடு வீடாகக் கேட்டேன். நிறைமாதமாக இருந்ததால் நிற்காதவர்கள் இரண்டு பேர். சண்டையால் நிற்காதவர் ஒருவர். அவர் இப்போது வருத்தப்படுகிறார்.

இன்னொருத்தி இருக்கிறாள். பெயர் எழுத வேண்டாம் என்று சொன்னாள். அவள் தன் அம்மாவுக்கு, எந்தக் காலத்திலும் இதைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஆனால் எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையாம். அவளுடைய அண்ணனுக்கும் அப்படி ஒரு வழக்கம் உண்டாம்.

அண்ணன் கல்யாணத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு அவள் மாமனார் இறந்துபோனார். சேலை எடுத்து வைத்து, பூ தொடுத்தாகிவிட்டது, கார் வாசலில் நின்றது. இழவு விழுந்த வீட்டு மருமகள் எப்படிச் சீருக்கு நிற்பாள்? அம்மாவுக்கு மட்டும் டிரைவரிடம் சொல்லியனுப்பினாள். அம்மா அதே காரைத் திருப்பி அனுப்பி, "இது பந்தலுக்குத் தெரியக் கூடாது சாமி. ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப்போய் மூணாவதா அமைஞ்சிருக்குது. இழவுச் சொல்லு வந்தா பொண்ணூட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அவன் காதுக்கு என்னைக்கும் போகக் கூடாது" என்று சொல்லச் சொன்னார்கள்.

அந்த வீட்டில் அன்று யாரும் அழவில்லை. அழுதால் தெருவுக்குக் கேட்கும். தெருவுக்குக் கேட்டால் சேதி ராசிபுரம் போகும். ராசிபுரத்திலிருந்து பந்தலுக்கு ஒரு மணி நேரம். மறுநாள் விடிந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்கள். அப்புறம் அந்த அண்ணனுக்குப் பிள்ளையில்லாமல் போனதும், தெரிந்தால் சனம் எதை எதோடு முடிச்சுப் போடுமோ என்று அவள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டாள்.

இது உங்கள் புத்தகத்துக்கு ஆகுமா ஆகாதா என்று தெரியவில்லை.

சாலம்மாள்

*

நாமக்கல்
9.11.2024

சாலம்மாளுக்கு,

தைலம் வந்தது. ரஞ்சிதா போட்டுக்கொள்கிறாள்.

உன் மாமனார் என் கல்யாணத்துக்கு மறுநாள் இறந்தார் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். புது மாப்பிள்ளை இழவுக்குப் போகக் கூடாது என்று என்னை அனுப்பவில்லை. நானும் போகாததை நல்லதென்றே நினைத்தேன்.

தகவலைச் சரிபார்க்க வேண்டும். அன்று பகல் முழுக்க அவரை எங்கே வைத்திருந்தார்கள்? அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் என்ன சொன்னார்? அவருக்குப் பத்திரிகையில் பெயர் போட்ட வரிசையில் மனத்தாங்கல் உண்டா?

செங்கோடன்

*

உடும்பக்காடு
20.11.2024

மச்சானுக்கு சென்னிமலை எழுதிக்கொண்டது. எல்லாரும் நல்லா இருக்கிறோம். உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்ப வேண்டாம்.

கேட்டதற்குச் சாலா பதில் எழுத மாட்டேன் என்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். அப்பாவைப் பருத்தி மூட்டை அடுக்குகிற அறையில் பாயில் வைத்திருந்தோம். கதவைச் சாத்திவிட்டு நான் வாசலில் உட்கார்ந்து, வந்தவர்களிடம், "அப்பாவுக்குக் காய்ச்சலுங்க, தூங்கறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். பால்காரருக்குப் பால் ஊற்றினேன்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? கட்ட எடுத்து வைத்த பட்டுச்சேலையை அவள் மடித்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். எங்கப்பா உங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாளே சவரம் செய்து, வேட்டியைச் சலவை செய்து வைத்திருந்தார். "செங்கோடன் கல்யாணத்துல நான் மொதப் பந்தியிலயே உக்காருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வேட்டியைத்தான் கட்டி அனுப்பினோம்.

பத்திரிகையில் என் பெயர் எந்த வரியில் இருந்தது என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் படித்ததே இல்லை.

சென்னிமலை

*

நாமக்கல்
1.12.2024

தங்கச்சி சாலம்மாளுக்கும் மாப்பிள்ளைக்கும் அபிநயாவுக்கும்,

செங்கோடன் எழுதுவது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ரஞ்சிதாவுக்குத் தைலம் கேட்டிருக்கிறது, மாடிப்படி ஏறுகிறாள். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் கேட்கிறேன். இந்தத் தடவை எடுத்துக்கொள்ளவில்லை, கேட்கிறேன்.

மாப்பிள்ளையின் கடிதத்தில் திருத்த ஒன்றும் இல்லை. அதை ரஞ்சிதாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு, "இருவத்தஞ்சு வருசமா அந்த மனுசனைப் பத்தி இந்த ஊட்டுல என்னென்ன பேசியிருக்கிறீங்க" என்றாள். நான் எழுந்து மேஜைக்குப் போய் வரைபடத்தை விரித்தேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

கிழக்கு எல்லையை மாற்றிவிட்டேன். முகட்டு ஓட்டில் நீர் பிரிந்தால் வீட்டை இரண்டாக அறுக்க முடியாது. ஒரே வேப்பமரத்தடியில் இரண்டு பேச்சும் கேட்கிறது. இருபத்து மூன்று சகோதரர்கள் சீர் எடுத்துப் போன தடம் உங்கள் ஊருக்குள் போகிறது. மேற்கிலிருந்து வந்தது என்பதால் அது உங்கள் ஊருக்குச் சொந்தம் இல்லை என்று எழுதினேன். தவறு. இந்த நாட்டில் எல்லாமே எங்கிருந்தோ வந்ததுதான், காவிரிகூட. ஆகவே கோடு இப்போது உங்கள் பின்பக்கத்துத் தண்ணீரோடு, அந்த இரண்டாவது கண்டக்டரின் ஆத்தூர் வரைக்கும், உடும்பக்காட்டுக்கு வெகுதூரம் கிழக்கே போகிறது. அளந்து பார்த்தேன். காளிதாஸ் போட்ட அதே இடம். அவன் கோடு சரி, காரணம் தவறு. காரணமே அவன் சொல்லவில்லை. இதை உள்ளே எழுதக் கை வரவில்லை. அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறேன். வரைபடங்களைத் திருடினான் என்பதை அதே அடிக்குறிப்பில் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

மார்கழி போகட்டும். தை ஏழு, ஜனவரி 20, திங்கட்கிழமை நாள் பார்த்திருக்கிறேன். முந்தின நாள் மாலையே நானும் ரஞ்சிதாவும் வருகிறோம். சீர்ச்சாமான் எல்லாம் செவ்வாய்ப்பேட்டையில் சொல்லியாகிவிட்டது. பட்டு ராசிபுரத்தில் நானே போய் எடுத்தேன். கடைக்காரர், "யாருக்குங்க சார்?" என்றார். தங்கச்சிக்கு என்று சொன்னேன். அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்லி வெகுநாள் ஆகிறது.

மாப்பிள்ளையிடம் சொல்: முதல் பந்தியில் ஓர் இலை போட்டு வைக்கட்டும். நான் உட்காருவதற்கு அல்ல, அவருடைய அப்பாவுக்கு.

அண்ணன்,
செங்கோடன்

*

உடும்பக்காடு
22.1.2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அண்ணி மறந்துவிட்டுப் போன கண்ணாடி இங்கே இருக்கிறது. நாங்கள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறோம், குஞ்சம்மாள் மட்டும், "கல்யாணத்துல எனக்கு இனி என்ன வேலைங்க்கா?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறாள். பந்தி பரிமாறச் சொல்லியிருக்கிறேன்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பேசத்தான் போகிறேன். நீங்கள் தடுத்து வைத்திருந்த என் நம்பரைத் திறந்துவிட்டதாக அண்ணி சொன்னார்கள். ஆனால் நீங்கள் இறங்கி வந்ததை நான் எழுதித்தான் ஆக வேண்டும். ஆறு வருடம் கழித்து முதல் வார்த்தை என்ன சொல்லப் போகிறீர்களோ என்று நான் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்கிறேன். நீங்கள் காரைவிட்டு இறங்கி, என்னைப் பார்த்து, கூரையைப் பார்த்து, "இதுல கெழக்கு எந்தப் பக்கம் சாமி?" என்றீர்கள். உங்கள் மாப்பிள்ளை அன்று சிரித்த சிரிப்பை நான் என் கல்யாணத்திலிருந்து பார்த்ததில்லை. நான் ஏன் உள்ளே ஓடினேன் என்று கேட்டீர்களாம். கற்பூரம் எடுக்கத்தான்.

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் பட்டியலில் ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும்.

24. சாலம்மாள். நடந்தது, தை ஏழு. கூடப்பிறந்தவர் ஊர் நாமக்கல்.

உங்கள் தங்கச்சி